வேக ஓடையில் ட்ரெட்ஜ் வைத்துப் பொன் எடுப்பது: பாதுகாப்பான முழு வழிகாட்டி

ட்ரெட்ஜ் என்பது மிதவையில் வைத்த எஞ்சின் பம்பால் ஆற்றுப்படுகைச் சரளையை உறிஞ்சிப் பொன்னைப் பிரிக்கும் இயந்திரம். அதன் குழாயைப் பிடித்து ஓர் ஆள் நீருக்கடியில் வேலை செய்வார், காற்றுக்குழாய் வழியே மூச்சு வாங்குவார். கரையாள் மேலிருந்து கவனிப்பார். வேக நீரில் இறங்குகிறவருக்கு முதலில் வரும் பயம், ஓட்டம் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடுமோ என்பதுதான். கீழே மரக்கிளை அடைப்போ அருவியோ இல்லாத சிற்றோடையில், இழுபட்டவர் பெரும்பாலும் அடுத்த மடுவில் கரை ஒதுங்கிவிடுவார். கால் ஒரு கல்லிடுக்கிலோ, காற்றுக்குழாய் ஒரு வேரிலோ, இடுப்புக் கயிறு ஒரு பாறையிலோ மாட்டி, தண்ணீர் மேலே பாய்ந்துகொண்டிருக்க, இருந்த இடத்திலேயே நிறுத்தப்படுகிறவர்தான் உயிரிழக்கிறார். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வரும்: இந்தப் பொருள் என்னைப் பிடித்துவைத்தால், கண் தெரியாத கலங்கலில், ஒரே கையால், சில விநாடிகளில் இதிலிருந்து விடுபட முடியுமா? முடியாது என்றால் அந்த ஏற்பாட்டை மாற்ற வேண்டும்.

வேறு எதற்கும் முன்னால் அனுமதி. மோட்டார் வைத்து ஆற்றுப்படுகையை உறிஞ்சுவதைப் பல நாடுகள் தடை செய்திருக்கின்றன, அல்லது குழாயின் அளவு, எஞ்சினின் திறன், வேலை செய்யும் மாதங்கள் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் பொன்வேட்டைக்கே பேர்போன கலிஃபோர்னியா 2009இல் உறிஞ்சும் ட்ரெட்ஜை நிறுத்திவைத்தது. மீன் முட்டையிடும் மாதங்களில் எங்குமே சரளைப் படுகையைத் தொடக்கூடாது. நிலத்தின் உரிமை, கனிம உரிமை, நீர்நிலை அனுமதி மூன்றும் தனித்தனிக் காகிதங்களாக இருக்கலாம். மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பிறகு இயந்திரத்தை வண்டியில் ஏற்றுங்கள்.

முதல் வேலை: தண்ணீரை அளப்பது

கரையோரம் 10 மீட்டர் நீளத்தை அளந்து இரண்டு குச்சி நடுங்கள். மேல் குச்சிக்குச் சற்று முன்னால் ஒரு மரத்துண்டைப் போட்டு, இரண்டு குச்சிகளுக்கும் இடையில் அது எத்தனை விநாடியில் போகிறது என்று பாருங்கள். நான்கைந்து முறை செய்து சராசரி எடுங்கள். 10 விநாடி என்றால் மேற்பரப்பு வேகம் விநாடிக்கு 1 மீட்டர். மொத்த ஆழத்தின் சராசரி வேகம் இதில் சுமார் 85 சதவீதம் இருக்கும். பாதுகாப்புக் கணக்குக்கு மேற்பரப்பு வேகத்தையே எடுத்துக்கொள்வது நல்லது.

இந்த எண் ஏன் முக்கியம் என்றால், நீர் தள்ளும் விசை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. அரைச் சதுர மீட்டர் உடற்பரப்பை ஓட்டத்துக்குக் காட்டிக்கொண்டு நிற்பவரை, விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீர் ஏறத்தாழ 28 கிலோ எடையளவு தள்ளும். அதே நீர் 2 மீட்டர் வேகத்தில் ஓடினால் 110 கிலோவைத் தாண்டும். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி வெள்ளை நுரைதான்.

நடந்து இறங்குவதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. ஆழத்தை மீட்டரிலும் வேகத்தை விநாடிக்கு மீட்டரிலும் எடுத்துப் பெருக்குங்கள். விடை 0.9ஐத் தாண்டினால் அந்த இடத்தில் காலூன்ற முயலாதீர்கள். 60 சென்டிமீட்டர் ஆழத்தில் 1.5 மீட்டர் வேகம் என்றாலே அந்த எல்லை வந்துவிட்டது. தொடைக்கும் கீழே இருக்கிறதே என்று ஆழத்தை மட்டும் பார்த்து இறங்குவதுதான் இங்கே வழக்கமான தப்பு.

அடுத்து, வேலை செய்யப்போகும் இடத்திலிருந்து கீழ்ப்பக்கம் 200 மீட்டராவது கரையோரம் நடந்து பாருங்கள். விழுந்த மரம் கிளைகளோடு நீரில் கிடந்தால், நீர் கிளைகளுக்கிடையே புகுந்து போகும், மனித உடல் போகாது. வேக ஓடையில் இதைவிடக் கொடிய பொறி இல்லை. அடிப்பக்கம் அரிக்கப்பட்ட பாறையும் அப்படித்தான். ஓட்டம் நேராகப் பாறையில் மோதியும் மேலே நுரை எழும்பாமல் அமைதியாக இருந்தால், தண்ணீர் பாறைக்கு அடியில் போகிறது என்று பொருள். இவற்றில் ஏதாவது வேலையிடத்துக்குக் கீழே இருந்தால் வேறு இடம் பாருங்கள். மேல்பக்கம் அணையோ மதகோ இருந்தால் நீர் திறக்கும் நேரத்தை விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, கரையோர ஆழமற்ற நீரில் ஒரு குச்சியை நட்டு நீர்மட்டத்தில் கோடு போடுங்கள். கால் மணிக்கு ஒருமுறை அதைப் பார்ப்பது கரையாளின் வேலை. மட்டம் 3 சென்டிமீட்டர் ஏறினாலும், திடீரென்று இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், நீர் பழுப்பாக மாறினாலும், அடியில் கற்கள் உருளும் சத்தம் கேட்டாலும் ஆள் உடனே மேலே வர வேண்டும். இங்கே வானம் வெளுத்திருக்கும்போது மலைமேல் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம்.

பொன் எங்கே நிற்கும்

தூய பொன் நீரைவிட 19.3 மடங்கு கனம். சாதாரண மணலும் கூழாங்கல்லும் 2.65 மடங்கு, கருமணலில் இருக்கும் மாக்னடைட் 5.2 மடங்கு. வெள்ளத்தில் எல்லாம் சேர்ந்து உருளும். ஓட்டம் தளரும் இடத்தில் பொன் முதலில் விழும், விழுந்த பிறகு அடிப்பாறையை நோக்கி இறங்கிக்கொண்டே போகும். வளைவின் உட்புறம், பெரிய குண்டுக்கல்லின் கீழ்ப்பக்க நிழல், சரிவு முடிந்து நீர் விரியும் இடம், ஓட்டத்துக்குக் குறுக்கே போகும் அடிப்பாறை வெடிப்பு ஆகியவற்றைத் தேடுங்கள். ஓட்டத்தின் போக்கிலேயே நீளும் வழுக்கலான வெடிப்பில் ஒன்றும் நிற்காது.

வேக ஓடையின் கவர்ச்சியே அடிப்பாறை பக்கத்தில் இருப்பதுதான். ஓட்டம் மேல்சரளையை அரித்துவிடுவதால் பல இடங்களில் அரை மீட்டர் தோண்டினாலே பாறை தட்டும். அந்த அனுகூலம் இல்லாத இடத்தில், அதாவது சரளை ஒன்றரை மீட்டருக்கு மேல் இருக்கும் இடத்தில், வேக நீரில் குழி வெட்டுவது வேண்டாம் என்பதே எங்கள் தீர்ப்பு. குழி ஆழமானால் சுவரும் உயரும், சரிவதற்குக் கல்லும் கூடும்.

ட்ரெட்ஜை இறக்குவதற்கு முன் தட்டில் அரித்துப் பாருங்கள். ஓடையின் குறுக்கே ஒரு கரையிலிருந்து மறு கரைவரை, கை எட்டும் இடங்களில் ஐந்தாறு மாதிரி. பொன் ஓடை முழுக்கப் பரவியிருக்காது, ஒரு குறுகிய பட்டையாகத்தான் போகும். அந்தப் பட்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல் நடு ஓட்டத்தில் மிதவையைக் கட்டுவது வீண் ஆபத்து. பல நேரம் பட்டை ஓரமாகவே, மெதுவான நீரிலேயே இருக்கும்.

இயந்திரம்

ட்ரெட்ஜின் அளவு உறிஞ்சும் குழாயின் உள்விட்டத்தைக் குறிக்கும். வேக நீருக்கு 2.5 முதல் 4 அங்குலம்வரை போதும். பெரிய குழாய் அதிகச் சரளை தின்னும் என்பது உண்மைதான். ஆனால் 5, 6 அங்குலக் குழாயை ஓட்டம் பாய்மரம் போலப் பிடித்து இழுக்கும். அதைப் பிடித்து நிற்பதிலேயே பலம் தீரும். 4 அங்குலத்துக்கு 5.5 முதல் 6.5 குதிரைத்திறன் எஞ்சின் சரி, 2.5 அங்குலத்துக்கு அதில் பாதி.

வேலை செய்யும் விதம் இது: எஞ்சின் ஓட்டும் பம்பு நீரை உறிஞ்சி, அழுத்தத்தோடு ஒரு மெல்லிய குழாய் வழியே, உறிஞ்சுகுழாயோடு இணைந்த ஜெட் என்ற பீச்சுவாய்க்கு அனுப்புகிறது. ஜெட்டில் அந்த நீர் வேகமாகப் பாயும்போது பின்னால் வெற்றிடம் உண்டாகி, உறிஞ்சுகுழாய் வழியே சரளையும் நீரும் மேலேறி ஸ்லூயிஸ் பெட்டியில், அதாவது தடுப்புப் பட்டைகளால் பொன்னைப் பிடிக்கும் சாய்வான பெட்டியில், கொட்டுகின்றன. சரளை பம்புக்குள் போவதே இல்லை.

நாசில், அதாவது உறிஞ்சுகுழாயின் வாய். அதன் முனையில் இருக்கும் வளையம் குழாயைவிடக் குறைந்தது அரை அங்குலம் சிறியதாக இருக்கட்டும். வளையத்தில் நுழையும் கல் குழாயில் நிற்காமல் போய்விட வேண்டும். வளையம் தேய்ந்து அகன்றுவிட்டால் அன்றைய நாள் முழுக்க அடைப்பு எடுப்பதிலேயே போகும்.

பம்பை ஒருபோதும் உலர ஓட்டாதீர்கள். பம்பு நீரை இழுக்கும் குழாயின் நுனியில் உள்ள ஃபுட் வால்வு முழுதாக மூழ்கி, பம்பின் வயிறு நிறையத் தண்ணீர் ஊற்றிய பிறகே எஞ்சினைக் கிளப்ப வேண்டும். வறண்டு சுழன்றால், பம்பின் தண்டில் நீர் கசியாமல் காக்கும் மெக்கானிக்கல் சீல் சீக்கிரமே பொசுங்கிவிடும். ஃபுட் வால்வை அடியில் படுக்கவைத்தால் மணலை இழுக்கும். அதை ஓட்டை போட்ட வாளிக்குள் வைத்து மிதவையிலிருந்து தொங்கவிடுங்கள். அழுத்தம் குறைவாக இருந்தால் முதலில் இழுக்கும் பக்கத்து ஹோஸ் கிளாம்பைப் பாருங்கள். காற்று புகுவதுதான் பெரும்பாலும் காரணம்.

ஸ்லூயிஸ் பெட்டிக்கு மீட்டருக்கு 6 முதல் 8 சென்டிமீட்டர் சரிவு கொடுத்துத் தொடங்குங்கள். தடுப்புப் பட்டைகளுக்குப் பின்னால் கருமணல் சுழன்றுகொண்டிருக்க, பட்டையின் மேல்விளிம்பு வெளியே தெரிந்தால் சரி. சரளை மூடிவிட்டால் சரிவைக் கூட்டுங்கள், பட்டை வழித்த மாதிரி வெறுமையாக இருந்தால் குறையுங்கள். மிதவை ஆடும்போதும் எரிபொருள் தீரும்போதும் சரிவு மாறும். காலையில் வைத்ததை மாலைவரை நம்பக்கூடாது.

காற்று: இங்கே சமரசமே இல்லை

முழங்கால் ஆழத்தில் குனிந்து உறிஞ்சுகிறவருக்கு முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலும் போதும். அதற்கு மேல் கம்ப்ரசர் வழியே காற்று வாங்க வேண்டும். அப்படி இறங்குகிறவர் முறையாக மூழ்குப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். இதற்குக் காரணம் ஆழம் இல்லை. அழுத்தக் காற்றைச் சுவாசித்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே எழும்பினால், நுரையீரலில் உள்ள காற்று விரிந்து திசுவைக் கிழிக்கும். ஒன்றரை மீட்டர் ஆழமே அதற்குப் போதும். மேலே வரும்போது வாயிலிருந்து குமிழி வந்துகொண்டே இருக்க வேண்டும்.

கம்ப்ரசர் எண்ணெய் இல்லாமல் இயங்கும் வகையாகவும், குழாய் சுவாசக் காற்றுக்கென்றே செய்ததாகவும் இருக்கட்டும். ஸ்கூபா சிலிண்டரோடு வரும் ரெகுலேட்டரை, அதாவது வாயில் வைத்துக் காற்றை வாங்கும் கருவியை, இதில் மாட்டினால் மூச்சு இழுக்கவே சிரமமாக இருக்கும். குறைந்த அழுத்தத்துக்கென்று அமைத்த வகைதான் வேண்டும். கம்ப்ரசருக்கும் ஆளுக்கும் நடுவே ஒரு சேமிப்புத் தொட்டி இருந்தால், எஞ்சின் நின்ற பிறகும் மேலே வருவதற்குச் சில மூச்சு மிஞ்சும். தொட்டி இல்லாத அமைப்பில் இறங்காதீர்கள்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது, இரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் புகையைக் கம்ப்ரசர் இழுத்தால் நீருக்கடியில் இருப்பவர் மயங்குவது மேலே யாருக்கும் தெரியாது. காற்று இழுக்கும் வாயை ஒரு குழாய் போட்டு உயர்த்தி, புகைபோக்கிக்கு எதிர்த்திசையில், காற்று வரும் பக்கம் வையுங்கள். பள்ளத்தாக்கில் காற்று காலையில் ஒரு திசையும் மதியம் ஒரு திசையும் வீசும். திசை மாறினால் குழாயையும் மாற்றுங்கள். தலைவலி, குமட்டல், காதில் ரீங்காரம் என்று எது தோன்றினாலும் உடனே மேலே வந்து அன்றைய வேலையை நிறுத்திவிடுங்கள்.

அதே எஞ்சின்தான் காற்றும் தருகிறது என்பதை மறக்கவே கூடாது. ஒரு தொட்டி எரிபொருள் எவ்வளவு நேரம் வருகிறது என்று கரையில் ஓட்டி அளந்து, அதில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் ஆனதும் ஆள் மேலே வர வேண்டும். எஞ்சினை நிறுத்தி, ஆறவைத்து, புனல் வைத்து நிரப்புங்கள். சூடான எஞ்சினில் ஊற்றிய பெட்ரோலால் மிதவையே தீப்பிடிக்கும்.

உடை, எடை, கத்தி

நீர் உடலின் சூட்டைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக இழுக்கும். மலை ஓடைக்கு 7 மில்லிமீட்டர் வெட்சூட் (குளிரைத் தடுக்கும் ரப்பர் உடை), தலையுறை, கையுறை, உறுதியான அடித்தளமுள்ள காலணி வேண்டும். கட்டைவிரலால் அதே கையின் சுண்டுவிரலைத் தொட முடியவில்லை என்றால் எடைப்பட்டையின் கொக்கியையும் திறக்க முடியாது. அதுவே மேலே வரவேண்டிய நேரம். முகக்கண்ணாடியின் வாரைத் தலையுறைக்கு அடியில் போடுங்கள். வேக நீரில் தலையைப் பக்கவாட்டில் திருப்பினாலே ஓட்டம் கண்ணாடியைப் பிடுங்கிவிடும்.

நிற்கும் நீரில் இந்த உடைக்கு 10 முதல் 15 கிலோ ஈயம் போதும். ஓட்டத்தில் அடியோடு ஒட்டி நிற்க 25 கிலோவுக்கு மேல் கட்டுகிறார்கள். இவ்வளவு எடையோடு நீந்தி மேலே வர முடியாது, தவழ்ந்துதான் வரவேண்டும், அல்லது எடையைக் கழற்றிவிட வேண்டும். ஆகவே எடைப்பட்டை எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாகக் கட்டப்பட வேண்டும். காற்றுக்குழாயின் வார் அதன்மேல் வந்தால் பட்டை அவிழ்ந்தும் விழாமல் தொங்கும். இரண்டு பட்டை கட்டினால் இரண்டும் ஒரே கையால், ஒரே பக்கம் திறக்கட்டும். கரையில் கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை கழற்றிப் பழகுங்கள். நிற்பதற்கு 30 கிலோ பற்றவில்லை என்றால் அந்த இடம் வேலைக்கு ஏற்றதில்லை. அதன்மேல் ஈயம் சேர்ப்பது விடை ஆகாது.

கத்தி முனை மழுங்கியதாக, நெஞ்சில் இருக்கட்டும். காலில் கட்டிய கத்தியை மாட்டிக்கொண்டவர் எட்ட முடியாது. இன்னொரு கத்தி கரையாளிடம்.

ஆளை இடுப்பில் கயிறு கட்டி இறக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். ஓட்டம் ஆளைத் தள்ள, கயிறு பிடித்து நிறுத்த, இரண்டுக்கும் நடுவில் உடல் அடியில் அழுந்திவிடும்.

மிதவையைக் கட்டுவது

மிதவை வேக ஓட்டத்திலேயே நிற்க வேண்டியதில்லை. பெரிய பாறைக்குப் பின்னால் இருக்கும் சுழிநீரில் மிதவையை நிறுத்தி, குழாயை மட்டும் ஓட்டத்தின் விளிம்புக்கு நீட்டினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

முன்பக்க இரு மூலைகளிலிருந்தும் சம நீளத்தில் இரண்டு கயிறு எடுத்து முன்னால் ஒரு வளையத்தில் சேருங்கள். அந்த வளையத்திலிருந்து ஒரு நீளக் கயிறு, குறைந்தது 15 மீட்டர், மேல்பக்கக் கரையில் ஒரு மரத்துக்கோ அசையாத பாறைக்கோ போகட்டும். எதிர்க்கரைக்கு இரண்டாவது கயிறு. இரண்டையும் இறுக்கித் தளர்த்தி மிதவையை ஓடையின் குறுக்கே நகர்த்தலாம். நீரில் மிதக்கும் 12 மில்லிமீட்டர் பாலிப்ரொப்பிலீன் கயிறு நல்லது: அடியில் போய் ஆளைச் சுற்றாது, கண்ணுக்கும் தெரியும். நீருக்கடியில் உள்ள பாறையில் கட்டினால் கயிறு மிதவையின் மூக்கைக் கீழே இழுத்து மூழ்கடிக்கும். கட்டும் இடம் எப்போதும் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். மரத்தைச் சுற்றி அகலமான பட்டையைப் போட்டு அதில் கயிற்றைக் கட்டினால் மரத்தின் தோல் உரியாது. முடிச்சு, பளு இருக்கும்போதே நுனியை இழுத்தால் அவிழக்கூடியதாக இருக்க வேண்டும். ஓடையின் குறுக்கே போகும் கயிற்றில் வண்ணத்துணி கட்டுங்கள், படகிலோ நீந்தியோ வருகிறவரின் கழுத்துயரத்தில் அது இருக்கும்.

கரையாளும் சைகையும்

தனியாக யாரும் வேக நீரில் ட்ரெட்ஜ் ஓட்டக்கூடாது. கரையாள் உதவிக்கு மட்டும் நிற்பவர் இல்லை. நீர்மட்டம், மேலிருந்து வரும் கட்டை, எரிபொருள், காற்றுக்குழாய், குமிழி எல்லாம் அவர் கண்ணில்.

காற்றுக்குழாயை ஒருமுறை இழுத்தால் ‘நலமா’, பதிலுக்கு ஒருமுறை ‘நலம்’. கீழிருந்து இருமுறை ‘குழாய் தளர்த்து’, மும்முறை ‘வேகத்தைக் குறை’, தொடர்ந்து இழுத்தால் ‘ஆபத்து’. மேலிருந்து கூப்பிட, எஞ்சினின் வேகத்தை மூன்று முறை தாழ்த்தி ஏற்றுவது நல்ல வழி. அடியில் அந்தச் சத்தமும் உறிஞ்சுவிசையின் மாற்றமும் தெளிவாகத் தெரியும். ஆள் கீழே இருக்கும்போது எஞ்சினை முழுதாக நிறுத்தவே கூடாது. நாசிலில் கை ஒட்டிக்கொண்டாலும் வேகத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தால் உறிஞ்சுவிசை விடும், காற்றோ வந்துகொண்டிருக்கும். பதற்றத்தில் சாவியைத் திருகுகிற கரையாள், மாட்டிக்கொண்டவரின் மூச்சையும் சேர்த்து நிறுத்திவிடுவார்.

குழி வெட்டும் வரிசை

1. பொன் பட்டையின் கீழ்முனையில் தொடங்கி மேல்நோக்கி முன்னேறுங்கள். முகம் எப்போதும் ஓட்டத்தை எதிர்த்து, உடல் தாழ்ந்து, முழங்காலும் ஒரு கையும் அடியில். நின்று வேலை செய்தால் கால் இடுக்கில் சிக்கும்.

2. முதல் 30 சென்டிமீட்டர்தான் கடினம், ஓட்டம் முழுக்க உடல்மேல் இருக்கும். குழி முழங்கால் ஆழமானதும் நீர் தலைக்கு மேல் போய்விடும், உள்ளே அமைதியாகிவிடும். அந்த முதல் கட்டத்தை ஒரு பாறையின் நிழலில் தொடங்குங்கள்.

3. மேலடுக்கை முதலில் பின்வாங்கச் செய்து, பிறகு கீழடுக்கு. தளர்ந்த சரளையில் 1 மீட்டர் ஆழத்துக்கு 1.5 மீட்டராவது சரிவு வேண்டும். அடியில் குடைந்து மேலிருப்பது தானாக விழட்டும் என்று வேலை செய்வது, விழுவதற்கு நேர் கீழே படுத்திருப்பது.

4. வளையத்தில் நுழையாத உருளைக்கற்களைக் கையால் எடுத்து, சுத்தம் செய்து முடித்த பின்பக்கத்தில், குழியின் விளிம்பிலிருந்து 1 மீட்டருக்கு அப்பால் போடுங்கள். மேல்விளிம்பில் குவித்தால் ஓட்டம் திருப்பி உங்கள்மேலேயே உருட்டும்.

5. நாசிலைச் சரளைக்குள் முழுதாகப் புதைக்காதீர்கள். கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் கூடவே நீரும் போகும். பத்துப் பங்கு நீருக்கு ஒரு பங்கு சரளை என்பது ஸ்லூயிஸ் தாங்கும் அளவு. அதற்கு மேல் ஊட்டினால் பொன், தடுப்புப் பட்டைகளைத் தாண்டிப் போய்விடும்.

6. அடிப்பாறை வந்ததும் வேகத்தை மறந்துவிடுங்கள். வெடிப்புகளைக் குத்தூசியால் கிளறிக் கிளறி, நாசிலை மெதுவாக நகர்த்துங்கள். அன்றைய பொன்னில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கும். இறுகிப்போன கெட்டிக் களியைத் தூக்கி எறியாதீர்கள், தனியே எடுத்து உடைத்து அரியுங்கள்.

காற்றுக்குழாய் எப்போதும் உங்களுக்குப் பின்னால், ஒரே பக்கமாகப் போகட்டும். குழிக்குள் சுற்றித் திரும்பினால் அது கல்லில் சுற்றும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை கையால் தடவிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

அடைப்பு

தட்டையான கல்லும் நீளக்கல்லும்தான் எதிரிகள். வளையத்தில் நெடுக்காக நுழைந்து குழாயில் குறுக்காகத் திரும்பும். அவற்றைக் கையால் ஒதுக்குங்கள். குழாயில் கூர்மையான வளைவு விழாமல் பார்த்துக்கொண்டால் அடைப்பு பாதியாகக் குறையும்.

எங்கே அடைத்திருக்கிறது என்பதை நாசிலே சொல்லும். நாசிலிலிருந்து நீர் வெளியே பீறிட்டால் அடைப்பு ஜெட்டுக்கு மேலே: அழுத்த நீர் போக வழியில்லாமல் திரும்பி வருகிறது. இழுப்பும் இல்லை, பீறிடலும் இல்லை என்றால் அடைப்பு நாசிலிலோ குழாயிலோ. இழுப்பு மெல்ல மெல்லக் குறைந்தால் ஃபுட் வால்வில் இலை சேர்ந்திருக்கும். குழாயை ரப்பர் சுத்தியால் தட்டிக்கொண்டே போங்கள், அடைத்த இடத்தில் சத்தம் மாறும். மேலிருந்து நீளக் கம்பி விட்டுத் தள்ளுவது கரையாளின் வேலை. நாசிலுக்குள் கையை விட வேண்டும் என்றால், ஆள் மேலே வந்து, எஞ்சின் நின்ற பிறகே.

குண்டுக்கல்

கல் நீருக்குள் தன் எடையில் ஏறத்தாழ 62 சதவீதமே கனக்கும். 100 கிலோ கல் 62 கிலோ. இதனால் பெரிய கல்லும் எளிதாக அசைகிறது, எளிதாக உருளவும் செய்கிறது. உங்கள் மேல்பக்கத்தில் இருக்கும் குண்டுக்கல்லுக்கு அடியிலிருந்து ஒரு கைப்பிடி சரளைகூட எடுக்காதீர்கள். கல்லின் அடியிலிருந்து நுண்மணல் தானாகச் சொரிந்தால் அது நகரத் தொடங்கிவிட்டது. பக்கவாட்டில் விலகுங்கள், பின்பக்கம் போகாதீர்கள்.

அகற்ற வேண்டிய கல் என்றால், முதலில் அது உருண்டு விழுவதற்குச் சுத்தம் செய்த பள்ளம் பின்னால் தயாராக இருக்க வேண்டும். பிறகு பக்கத்தில் நின்று கடப்பாரையால் நெம்புங்கள். கடப்பாரைக்கு அசையாததை வின்ச் (கம்பியையோ கயிற்றையோ சுற்றி இழுக்கும் கருவி) வைத்து இழுக்கலாம். இழுக்கும்போது நீருக்குள் யாரும் இருக்கக்கூடாது, கம்பியின் அல்லது கயிற்றின் நேர்க்கோட்டில் கரையிலும் யாரும் நிற்கக்கூடாது. நைலான் கயிறு இழுபட்டு அறுந்தால் சாட்டைபோல வீசும்.

மாட்டிக்கொண்டால்

கால் சிக்கினால் முன்னால் இழுக்காதீர்கள். எந்த வழியாக நுழைந்ததோ அதே வழியாக, ஓட்டத்துக்கு எதிராகப் பின்னுக்கு எடுங்கள். காற்று வந்துகொண்டிருக்கும்வரை நேரம் இருக்கிறது, அவசரமே மூச்சை வாங்கும். காற்று நின்றால் எடைப்பட்டையைக் கழற்றி, மூச்சை விட்டுக்கொண்டே மேலே வாருங்கள். காற்றுக்குழாய் சிக்கியிருந்தால் வாரிலிருந்து அதை விடுவித்து ரெகுலேட்டரையும் துப்பிவிடுங்கள்.

ஓட்டத்தில் போக நேர்ந்தால் மல்லாந்து, பாதங்கள் முன்னால், கால்விரல் நீர்மட்டத்துக்கு மேல். முழங்கால் ஆழத்துக்கு வரும்வரை எழுந்து நிற்க முயலாதீர்கள். தப்ப முடியாமல் மரக்கிளை அடைப்பு எதிரே வந்தால் மட்டும் குப்புறத் திரும்பி, தலை முன்னால், பலமாக நீந்தி அதன்மேல் ஏறிவிடுங்கள். கால் முதலில் போனால் கிளைகளுக்கு அடியில் இழுக்கப்படும்.

கரையாள் நீரில் குதிக்கக்கூடாது. பையில் அடைத்த 15 மீட்டர் எறிகயிறு அவர் கையருகே எப்போதும் இருக்க வேண்டும்.

பெட்டியைக் கழுவுவது

ஊட்டலை நிறுத்திச் சில நிமிடம் வெறும் நீர் ஓடட்டும். எஞ்சினை நிறுத்தி, தடுப்புப் பட்டைகளைக் கழற்றி, விரிப்பைத் தொட்டியில் அலசுங்கள். கசடை 4, 2, 1 மில்லிமீட்டர் சல்லடைகளில் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே தட்டில் அரியுங்கள். அளவு கலந்த மணலில் நுண்பொன் தப்பிவிடும். தட்டு நீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டால் மிதக்கும் பொற்துகள் அமிழும்.

பெட்டி பொன்னைப் பிடிக்கிறதா என்று சோதிக்க, வண்ணம் பூசித் தட்டையாக்கிய 20 சிறு ஈயத் துணுக்குகளை நாசிலில் விடுங்கள். பெட்டியிலிருந்து நீர் வெளியேறும் முனையில் ஒரு தொட்டி வைத்தால் தப்பியது ஆற்றில் சேராது. 18க்குக் குறையாமல் திரும்பி, பெரும்பாலானவை பெட்டியின் மேல் மூன்றிலொரு பங்கில் கிடந்தால் நல்லது. கீழ்முனைவரை பரவியிருந்தால் வேகம் அதிகம்.

பழைய சுரங்கப் பகுதிகளில் கசடோடு வெள்ளி நிற உருண்டைகள் வரும். அது பாதரசம், முன்பு பொன்னை ஒட்டவைக்கப் பயன்படுத்தியது. வெறுங்கையால் தொடாதீர்கள், ஆற்றில் திருப்பி ஊற்றாதீர்கள். மூடியுள்ள தடித்த புட்டியில், மேலே நீர் நிற்கும்படி வைத்து, அபாயக் கழிவு வாங்குமிடத்தில் ஒப்படையுங்கள். வெள்ளி பூத்த பொன்னை வீட்டில் சூடாக்கிப் பாதரசத்தை ஓட்டுகிறவர்கள் அந்த ஆவியை வீட்டார் அனைவரையும் சுவாசிக்கவைக்கிறார்கள்.

இடத்தை விட்டுப் போகும்போது

குழியை மூடுங்கள். முதலில் பெரிய கற்கள், மேலே சரளை. மூடாத குழியில் அடுத்து ஓடையைக் கடப்பவரின் கால் போகும், வெள்ளத்தில் கரையும் இடியும். கரையையும் மரவேர்களையும் எந்தக் கட்டத்திலும் குடையாதீர்கள். கயிறு, பட்டை, துணி அனைத்தையும் அவிழ்த்து எடுங்கள். இயந்திரம், குழாய், உடை எல்லாவற்றையும் நன்றாகக் கழுவி முழுதாக உலர்த்திய பிறகே வேறு ஓடைக்குக் கொண்டுபோங்கள். ஈரக் குழாயின் உள்ளே ஒட்டியிருக்கும் பாசியும் நத்தையும் அந்த ஓடைக்கு உங்களோடே வந்து சேரும்.